வலப்பக்கம் அரைச் சுற்று

எங்கள் ஏரி ரோட்டில் தபால் பெட்டி வைத்திருப்பவனுக்குப் பனி தள்ளும் லாரிக்காரன்தான் முதல் எதிரி. வருஷத்துக்கு இரண்டு தடவையாவது பெட்டியைக் கம்பத்தோடு பிடுங்கிப் பள்ளத்தில் போட்டுவிட்டுப் போவான். கவுண்டி ரோட்டு ஆபீசுக்குப் போன் பண்ணிக் கேட்டால், பெட்டி ரோட்டுக்கு வந்திருக்கும் என்பான். இருபது வருஷத்துக்கு முன்னால் நான் இதற்கு ஒரு வழி செய்தேன். கம்பத்தை எட்டடி உள்ளே தள்ளி நட்டேன். அதில் ஒரு நீள இரும்புக் குழாயைக் கைபோல மாட்டி, நுனியில் பெட்டியைச் சங்கிலியில் தொங்கவிட்டேன். லாரி இடித்தால் கை சுழன்று விலகும், பிறகு தானாகத் திரும்பி வந்து நிற்கும். இன்றுவரை அது விழவில்லை.

இதையும் எழுதிக்கொள் தம்பி. நான் செய்கிற வேலை எப்படி இருக்கும் என்று படிக்கிறவனுக்குத் தெரிய வேண்டும்.

உங்கள் போலீஸ் ஆபீஸ் காப்பி வேண்டாம், பிளாஸ்கில் நானே கொண்டுவந்திருக்கிறேன். உன்மேல் சந்தேகம் என்று இல்லை. அடுத்தவன் ஊற்றியதை நான் குடிப்பதில்லை, அவ்வளவுதான். வக்கீலும் வேண்டாம். நீ வாசித்த உரிமைகளையெல்லாம் கேட்டுக்கொண்டேன். நீ எழுதி முடித்ததும் நான் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன். எட்டாம் வகுப்போடு நின்றவன், மெதுவாகத்தான் படிப்பேன். நீ பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பெயர் ஆர்வோ சல்மேலா. வயது எழுபத்துமூன்று. ஏரி ரோட்டில் நாற்பத்தாறு வருஷமாகக் கார் ரிப்பேர் கடை. உன் அப்பா ரே பிரிஸ்புவாவின் பிக்கப்புக்கு இரண்டு தடவை கியர்பாக்ஸ் இறக்கியிருக்கிறேன். இந்தப் பக்கத்தில் விழுந்த வண்டியைத் தூக்க என்னிடம்தான் கிரேன் லாரி இருக்கிறது என்பதும் உனக்குத் தெரியும்.

நான் பேச வந்தது நோரீன் ட்ரெவாரோவைப் பற்றி. எங்கள் ரூட்டில் இருபத்திரண்டு வருஷம் தபால் கொடுத்தவள். போன மாதம் இருபத்தொன்றாம் தேதி மிஸ்கோ ஆற்றுப் பாலத்துக்கு முன்னால் இருக்கிற வளைவில் காரோடு ஆற்றில் போனவள். ரிப்போர்ட்டில் நீங்கள் ஓட்டுநர் தவறு என்று எழுதியிருக்கிறீர்கள். அதை முதலில் அடித்துவிடு. அவள் கால் தப்பு செய்யவில்லை.

கிராமத்து ரூட்டில் தபால் கொடுக்கிறவர்கள் சொந்தக் காரில்தான் போக வேண்டும். பெட்டிகள் எல்லாம் ரோட்டுக்கு வலப்பக்கம். ஸ்டியரிங்கோ இடப்பக்கம். அதனால் நோரீன் பழைய பெரிய கார்தான் வைத்துக்கொள்வாள், முன்னால் ஒரே நீள பெஞ்சு இருக்கை உள்ளதாகப் பார்த்து. அதில் வலது ஓரத்தில் உட்கார்ந்து, இடது காலை நீட்டிப் பெடலை மிதிப்பாள். இடது கை ஸ்டியரிங்கில், வலது கை ஜன்னலுக்கு வெளியே. ஒரு நாளைக்கு முந்நூறு பெட்டி. புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஆளில்லாத கார் வருவது மாதிரி இருக்கும். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பெட்டியில்கூட அவள் உரசியதில்லை.

பதினொன்று பத்துக்கு என் பெட்டிக்கு வருவாள். நான் கடை வாசலில் நின்றால் சும்மா போகமாட்டாள்.

"பெரியவரே, இந்த ரூட்லயே எனக்குக் கை நீட்டறது உங்க பெட்டி ஒண்ணுதான். சொந்தக்காரருக்குத்தான் கையை ஆட்டக்கூட மனசு வரமாட்டேங்குது."

"கை அழுக்கா இருக்கு" என்பேன்.

"இருபது வருஷமாவா?"

இப்படித்தான் பேசுவாள். எனக்கு அவளைப் பிடிக்கும் என்றும் சொல்ல முடியாது, பிடிக்காது என்றும் சொல்ல முடியாது. தபால் கொடுக்கிறவளிடம் எவனும் எச்சரிக்கையாகத்தான் இருக்க வேண்டும். யாருக்கு எங்கிருந்து என்ன வருகிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

ஜூலையில் அவள் காரைக் கொண்டுவந்தாள். எஞ்சின் தண்ணீர் ஒழுகுகிறது என்றாள். திறந்து பார்த்தேன், த்ராட்டில் பாடியில் கேஸ்கெட் போயிருந்தது.

உனக்கு விளங்கும்படி சொல்கிறேன். எஞ்சினுக்குள் காற்று போகிற வாயில் ஒரு வட்டத் தகடு இருக்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் அது திறக்கும், காலை எடுத்தால் மூடும். ஈரக்காற்று வேகமாக உள்ளே போகும்போது அந்த இடம் வெளியைவிடக் குளிர்ந்துவிடும். தகட்டின் விளிம்பில் பனிக்கட்டி பிடிக்கும். பிடித்தால் காலை எடுத்தாலும் தகடு மூடாது. அதற்காகத்தான் கார் செய்தவன் எஞ்சினின் சுடுதண்ணீரை இரண்டு சின்ன ஹோஸில் கொண்டுவந்து அந்த வாயின் அடியில் ஓடவிட்டிருக்கிறான். அந்த இடத்தை ஒழுகாமல் அடைக்கிற கேஸ்கெட்தான் போயிருந்தது. புதிது வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். நோரீனுக்கு ஒருநாள்கூடக் கார் இல்லாமல் ஆகாது. அதனால் இரண்டு ஹோஸையும் கழற்றி ஒன்றோடொன்று சேர்த்துவிட்டேன். நடுவில் ஒரு விரல் நீளத்துக்குச் செம்புக் குழாய், இரண்டு பக்கமும் கிளாம்ப். சுடுதண்ணீர் அந்த வாய்ப்பக்கம் போகாமல் நேராகத் திரும்பிவிடும். என் பழைய சவுனா குளியலறை அடுப்பிலிருந்து எடுத்த குழாய் அது.

கோடையில் இதனால் ஒரு கெடுதலும் இல்லை. தெற்கே இருக்கிறவர்கள், கார் இன்னும் கொஞ்சம் வேகமாகப் போகும் என்று வேண்டுமென்றே இப்படிச் செய்துகொள்கிறார்களாம். போகட்டும், அவர்கள் ஊரில் குளிர்காலத்தில் ஏரி மூடுபனியாகப் புகைவதில்லை. எங்கள் பக்கத்தில் இதைச் செய்கிற எந்த மெக்கானிக்கும் கூடவே ஒரு வார்த்தை சொல்லித்தான் அனுப்புவான். நானும் சொன்னேன்.

"மான் வேட்டை தொடங்கறதுக்கு முன்னாடி கொண்டு வா. மறுபடி பழையபடி மாட்டணும். மறந்துடாதே."

"நான் மறந்தாலும் நீங்க மறக்கமாட்டீங்க. கடன்காரன் மாதிரி ஞாபகம் வெச்சிருப்பீங்களே" என்றாள்.

கேஸ்கெட் ஆகஸ்டில் வந்தது. அவள் பெயரை எழுதி ஆணியில் மாட்டினேன்.

நான் மறந்துவிட்டேன் என்று நேற்றுவரை எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். வேண்டுமானால் இப்போதைக்கு அப்படியே எழுதிக்கொள். பிறகு அடிக்கச் சொல்வேன்.

இனி சைமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் முடியுமா என்று வரும் வழியெல்லாம் பார்த்தேன், முடியாது.

சைமா என் மனைவி. போன வருஷம் ஜூலையில் அவளை ஹார்டிங் டவுன் முதியோர் இல்லத்தில் சேர்த்தேன். இடுப்பு உடைந்திருந்தது, அதோடு நுரையீரலும். வீட்டில் வைத்துப் பார்க்க முடியவில்லை. முதல் ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். சாப்பாட்டுக் கூடத்தில் நாற்பது பேர் இருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சக்கர நாற்காலியிலிருந்தபடியே என் கோட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னைக் கூட்டிட்டுப் போ ஆர்வோ. நான் என்ன தப்பு பண்ணினேன்?"

எல்லாரும் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார்கள். அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தேன். தொப்பியை மேஜைமேலேயே விட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் உள்ளே போகவில்லை.

ஆனால் போகாமலும் இருக்கவில்லை. இதைச் சரியாக எழுது. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நாற்பது மைல் ஓட்டிக்கொண்டு போவேன். இல்லத்தின் பார்க்கிங்கில் டிரக்கை நிறுத்தி எஞ்சினை அணைக்காமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். பிறகு திரும்பிவிடுவேன். திங்கட்கிழமை காப்பிக்கடையில் என்னோடு உட்காரும் வெய்க்கோ கேட்பான், "சைமாவப் பாக்கப் போயிருந்தியா?" என்று. "போயிட்டு வந்தேன்" என்பேன். பொய் இல்லை என்று நினைத்துக்கொள்வேன். இப்படிப் பதினாலு மாதம்.

சைமா கார்டு போடுவாள். உறைகூட இல்லாத தபால் கார்டு. 'ஞாயிற்றுக்கிழமை வா.' 'இந்த ஞாயிற்றுக்கிழமையாவது வா.' பென்சிலில் பெரிய பெரிய எழுத்து. கார்டை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், பெட்டியில் போடுகிறவள் படிக்காமல் இருப்பாளா? அந்த நாட்களில் பதினொன்று பத்துக்கு நான் வாசலில் நிற்பதில்லை. உள்ளே ஏதாவது ஒரு வண்டிக்கு அடியில் படுத்துக்கொள்வேன். நோரீன் ஒன்றும் கேட்கவில்லை. நல்லது என்று இருந்தேன்.

போன வருஷம் நவம்பரோடு அந்த மாதிரிக் கார்டு நின்றுபோய், வேறு மாதிரி வர ஆரம்பித்தது. 'கால் எப்படி இருக்கிறது? படி ஏற வேண்டாம். குளிரில் ரொம்ப நேரம் இருக்காதே.' என் காலில் ஒன்றுமில்லை தம்பி. இந்த வயதிலும் ஏணி ஏறிக் கூரையில் பனி தள்ளுகிறேன். சைமாவுக்கு நினைவு குழம்பிவிட்டது என்றுதான் எண்ணினேன். குழம்பியது ஒருவகையில் நல்லதுதான் என்றும் எண்ணினேன்.

இந்தச் செப்டம்பர் ஒன்பதாம் தேதி அவள் போய்விட்டாள். தூக்கத்தில், கஷ்டப்படாமல் என்றார்கள். சர்ச் கீழ்த்தளத்தில் சடங்குக் காப்பி கொடுத்தபோது நோரீன் ஏலக்காய் போட்ட நிசு ரொட்டி ஆறு கொண்டுவந்திருந்தாள். எல்லாரும் என் தோளைத் தட்டினார்கள். ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் போனவன் என்று பாதிரியார் மேலே நின்று சொன்னார். யார் அவரிடம் சொன்னார்கள் என்று தெரியவில்லை, காப்பிக்கடைப் பேச்சாக இருக்கும். நான் தலையைக் குனிந்துகொண்டேன். துக்கத்தில் குனிந்தேன் என்று நினைத்திருப்பார்கள்.

நவம்பர் பதிமூன்று. வேட்டைக்கு இரண்டு நாள் முன்னால். வேலை முடித்து மூன்று மணிக்கு நோரீன் காரோடு வந்தாள், சொன்ன சொல் தவறாமல். ஒரு கையில் நிசு ரொட்டி.

"கூப்பிட்டு அனுப்புவீங்கன்னு பாத்தேன். கடன்காரரே மறந்துட்டார் போல. சரி, நானா வந்துட்டேன், பெரியவரே."

"அரை மணி ஆகும். உக்காரு" என்றேன்.

ஆணியிலிருந்து கேஸ்கெட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். பானட்டைத் தூக்கி, ஸ்குரூடிரைவரை எடுத்து, செம்புக் குழாயின் முதல் கிளாம்பைக் கழற்ற ஆரம்பித்தேன். அவள் அடுப்புப் பக்கம் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.  பிறகு சொன்னாள்.

"பெரியவரே, ரெண்டு மாசமா ஒண்ணு சொல்லணும்னு. சொன்னா கோபம் வருமோன்னு தள்ளிப்போட்டுக்கிட்டே இருந்தேன்."

"சொல்லு."

"போன வருஷம் நவம்பர்லேருந்து சைமா அக்காவ நான் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் போய்ப் பாத்தேன். அந்தக் கார்டையெல்லாம் படிச்சுட்டேன், அது தப்புதான். மனசு கேக்கல. முதல் வாரமே பார்க்கிங்ல உங்க டிரக்கப் பாத்துட்டேன்."

நான் திரும்பவில்லை. ஸ்குரூடிரைவர் கையிலேயே இருந்தது.

"ஜன்னலத் தட்டலாம்னு வந்தேன். உங்க மூஞ்சியப் பாத்ததும் தட்டத் தோணல. மேல போயி அக்காகிட்ட, அவருக்குக் கால் முடியல, மாடி ஏற முடியாது, கீழ வண்டியிலதான் உக்காந்திருக்கார்னு சொல்லிட்டேன். அவங்க கட்டில் ஜன்னலோரம்தான். தலகாணி வெச்சு நிமுத்தி உக்காரவெப்பேன். ஒரு மணி நேரமும் உங்க டிரக்கையே பாத்துக்கிட்டிருப்பாங்க. போகும்போது கையை ஆட்டுவாங்க. நீங்க ஒருநாளும் நிமிந்து பாக்கல. 'கழுத்தும் புடிச்சுக்கிச்சு போல, கிழவனுக்கு'ன்னு சிரிப்பாங்க."

அவளும் சிரித்தாள். கேலியாக இல்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்.

"உங்கமேல அவங்களுக்கு ஒரு வருத்தமும் இல்ல. அதைச் சொல்லத்தான் வந்தேன். வேற யாருக்கும் தெரியாது. நான் செத்தாலும் சொல்லமாட்டேன்."

உன் பேனா நின்றுவிட்டதே தம்பி. எழுது.

நல்ல மனுஷனாக இருந்தால் அப்போது உட்கார்ந்து அழுதிருப்பான். நன்றி சொல்லியிருப்பான். எனக்கு என்ன தோன்றியது என்று உள்ளபடி சொல்கிறேன். பதினாலு மாதம் நான் யாருக்கும் தெரியாமல் ஒளிந்துகொண்டிருந்ததாக நினைத்தேன். இரண்டு பெண்கள் மேலே ஜன்னலிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். ஒருத்தி போய்விட்டாள். இன்னொருத்தி தினமும் பதினொன்று பத்துக்கு என் வாசலுக்கு வருவாள், கையை ஆட்டுவாள். ஒவ்வொரு தடவை ஆட்டும்போதும் அவளுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும். ஊரில் பேசிவிடுவாள் என்று பயமா என்று கேட்கிறாய். இல்லை, பேசமாட்டாள். பேசுகிறவளாக இருந்தால் நான் அவளைத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

கை வேலையை நிறுத்திவிட்டது. கேஸ்கெட்டை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். பானட்டை இறக்கினேன்.

"ஆச்சு. எடுத்துட்டுப் போ."

"அரை மணின்னீங்க? பத்து நிமிஷம்கூட ஆகல. கை இன்னும் வாலிபமாத்தான் இருக்கு."

"சின்ன வேலைதான்" என்றேன்.

"இனிமே பனியிலயும் பயமில்லையே?"

"இல்லை."

ஒரே சொல். அதை நான் அவளிடம் சொன்னேன். மறந்துவிட்டேன் என்று மேலே எழுதியிருக்கிறாயே, அதை இப்போது அடி.

ஏழு நாள் ஒன்றும் நடக்கவில்லை. வெயிலும் வறட்டுக் குளிருமாக இருந்தது. வறட்டுக் குளிரில் அந்த இடத்தில் பனிக்கட்டி பிடிக்காது, ஈரம் வேண்டும். அந்த ஏழு நாளில் ஏழு தடவை அவள் என் பெட்டிக்கு வந்தாள் என்று எழுதாதே, நடுவில் ஒரு ஞாயிறு. ஆறு தடவை. ஆறு தடவையும் நான் வாசலில்தான் இருந்தேன். நில்லு, ஒரு வேலை பாக்கி இருக்கிறது என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

இருபத்தொன்றாம் தேதி காலையில் ஏரி புகைந்தது. தண்ணீர் இன்னும் உறையவில்லை, காற்று உறைநிலைக்கு ஒரு டிகிரி கீழே, எதிரே இருக்கிற மரம் தெரியவில்லை. நாற்பத்தாறு வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்கு அது எப்படிப்பட்ட நாள் என்று சொல்ல வேண்டியதில்லை. பதினொன்று பத்துக்கு மூடுபனிக்குள்ளிருந்து அவள் விளக்கு வந்தது. பெட்டியில் ஏதோ போட்டாள், விதைக் கம்பெனிக்காரன் புத்தகம். கையை ஆட்டினாள்.

அன்றைக்கு நானும் கையை ஆட்டினேன். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை.

"அட, கை வந்துடுச்சே" என்று ஜன்னல் வழியாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

என் பெட்டிதான் அந்தப் பக்கத்துக்குக் கடைசிப் பெட்டி. அதற்கப்புறம் ஒன்பது மைலுக்கு வீடே கிடையாது. ஒரே சீராக மிதித்துக்கொண்டு போகிற நேர் ரோடு, ஏரியை ஒட்டியே. தகடு அரைகுறையாகத் திறந்தபடி அசையாமல் நிற்கும், அப்போதுதான் பனிக்கட்டி பிடிக்கும். ஒன்பதாவது மைலில் இறக்கம், வளைவு, பாலம். அங்கேதான் முதல்முறையாகக் காலை எடுக்க வேண்டியிருக்கும். எஞ்சின் சத்தம் தேய்ந்து போகிறவரை வாசலில் நின்று கேட்டேன்.

பதினொன்று நாற்பதுக்கு உங்கள் ஆபீசிலிருந்து போன் வந்தது, கிரேன் லாரி வேண்டும் என்று. பிளாஸ்கில் காப்பி ஊற்றிக்கொண்டு போனேன். முக்குளிக்கிறவர்கள் அவளை வெளியே எடுத்துவிட்டிருந்தார்கள், மேலே போர்வை போட்டிருந்தது. நீயும் அங்கே இருந்தாய். காரை நான்தான் இழுத்தேன். கரையில் தபால் மிதந்து ஒதுங்கியிருந்தது, இரண்டு பேர் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

வேட்டைக்கு வந்த ஒருவன் பார்த்திருக்கிறான். இறக்கம் முழுக்க பிரேக் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது, எஞ்சினோ உறுமிக்கொண்டே இருந்தது என்று சொன்னான். உடனே எல்லாருக்கும் காரணம் கிடைத்துவிட்டது. "இடது காலால ஓட்டினா இப்படித்தான் ஆகும். ரெண்டு பெடலையும் சேத்து மிதிச்சிருக்கா" என்றான் வெய்க்கோ. அவள் புருஷன் டெனிஸ் அங்கேயே நின்றான். எத்தனை தடவை சொன்னேன், வலப்பக்க ஸ்டியரிங் வண்டி வாங்கலாம் என்று சொன்னேனே, கேட்கமாட்டேன் என்றாளே என்று திரும்பத் திரும்பச் சொன்னான். நான் பக்கத்தில் நின்று இரும்புக் கயிற்றைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

பனிக்கட்டி சாட்சி சொல்லாது, உருகிவிடும். வண்டியைச் சோதித்து எழுதிக் கொடு என்று நீங்கள் என்னிடமே காகிதம் அனுப்பினீர்கள். வேறு யாரிடம் அனுப்புவீர்கள்? 'இயந்திரக் கோளாறு எதுவும் இல்லை, வண்டி நல்ல நிலை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு எழுத்துப் பிழை இருந்திருக்கும். எழுதிய பிறகு பானட்டைத் திறந்து இதைக் கழற்றினேன்.

இதோ. மேஜைமேல் வைக்கிறேன். இதுதான் அந்தச் செம்புக் குழாய். விரல் நீளம்தான். அன்றிலிருந்து கோட்டுப் பையில்தான் இருக்கிறது.

ஏன் இன்றைக்கு வந்தேன் என்று கேட்டாய். புதிதாக ஒருவர் தபால் கொடுக்க வருகிறார், தெற்கிலிருந்து மாற்றலாகி வந்தவர். நேற்று பதினொன்று இருபதுக்கு வந்தார். பெட்டியில் போட்டுவிட்டு என்னைப் பார்க்காமலே போனார். அவருக்கு என்னைப் பற்றி ஒன்றும் தெரியாது. நெஞ்சு லேசானது, பல் வலி நின்ற மாதிரி. அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடாவைக் கேட்டதும் எனக்கு உள்ளே போக முடியவில்லை. வாசலிலேயே ரொம்ப நேரம் நின்றேன். டெனிஸ் இன்னமும் அவள் காலைத்தான் திட்டிக்கொண்டிருப்பான் என்று நினைப்பு வந்தது.

அவள் சாக வேண்டும் என்று நினைத்தாயா என்று கேட்கிறாய். கார் ரோட்டில் எங்காவது நின்றுபோகட்டும், கொஞ்சம் பயப்படட்டும், இந்த ரூட்டே வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போகட்டும் என்றுதான் நினைத்தேன். இப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். எழுதிக்கொள். ஆனால் கூடவே இதையும் எழுது. என் டிரக்குக்கும் அதே ஒழுகல் இருந்தது, கோடையில் அதே வைத்தியம்தான் செய்திருந்தேன். அதைக் கழற்றிப் பழையபடி மாட்டியது என்றைக்கு என்று கேள். நவம்பர் பதிமூன்று. அன்று காலையில்தான்.

ஆமாம், தெரியும். தெரியாமல் செய்தேன் என்று எழுத இடம் இல்லை.

சரி, கொடு. படிக்கிறேன். கண்ணாடி இந்தப் பையில்தான் இருக்கும்.

இரண்டாவது பக்கத்தில் ஒரு இடம் சரியில்லை. 'கை வேலையை நிறுத்திவிட்டது' என்று எழுதியிருக்கிறாய். நான் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறாய், உன்மேல் தப்பில்லை. நடந்தது அப்படி இல்லை. அவள் பேச ஆரம்பிக்கும்போதே முதல் கிளாம்பைப் பாதி தளர்த்தியிருந்தேன். இடப்பக்கம் திருப்பினால் கழலும். அப்படியே விட்டு பானட்டை மூடியிருந்தால், அவள் வீடு போய்ச் சேருவதற்குள் ஹோஸ் பிடுங்கிக்கொண்டிருக்கும். தண்ணீரெல்லாம் கொட்டி, ஆவி கிளம்பி, கார் ஓரமாக நின்றிருக்கும். என்னைத் திட்டிக்கொண்டே நடந்து வந்திருப்பாள். இன்றைக்கும் இருப்பாள்.

நான் வலப்பக்கம் திருப்பினேன். அரைச் சுற்று, பிறகு இன்னும் ஒரு அரைச் சுற்று. விரலால் தடவிப் பார்த்தேன், ஈரமில்லை.

என்ன செய்வது தம்பி, நாற்பத்தாறு வருஷத்தில் என் கடையிலிருந்து போன வண்டி எதுவும் ஒழுகியதில்லை.